வேலைக்குச் செல்லும் சைக்கிளில் ஒளிப்பதிவுக் கருவி: தெரிவும் பொருத்தலும்

(குரோருட் பகுதியில் வாழும் தமிழ்பேசும் மக்களுக்காக நடைபெற்ற மாலைநேரத் தகவற் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



கூட்டம் தொடங்குமுன் வாசலில் ஓர் அம்மா என்னை நிறுத்தி, "தம்பி, கமெராவைப் பூட்டினால் கார்க்காரன் தள்ளிப் போவானோ?" என்று கேட்டார். அவருக்கு அங்கே அளித்த விடையையே இங்கும் முதலிற் கூறிவிடுகின்றேன். போகமாட்டான் அம்மா. நம் கைப்பிடியில் இருக்கும் சிறு கருவி அவன் கண்ணிற் படுவதேயில்லை. நம்மைக் காரோட்டிக்குக் காட்டுவன விளக்கும், ஒளிதெறிக்கும் மேலாடையும், நாம் வீதியில் எடுத்துக்கொள்ளும் இடமுமே. ஒளிப்பதிவுக் கருவி விபத்தைத் தடுக்கும் கவசமன்று. விபத்தின் பின்னர் பேசவேண்டிய சாட்சி. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால், எதை வாங்குவது, எங்கே பூட்டுவது என்ற இரு வினாக்களுக்கும் விடை எளிதாகிவிடும்.

இப்பொருளைப் பற்றிப் பேச எனக்கிருக்கும் தகுதி ஒரு முறிந்த மணிக்கட்டு மட்டுமே. சில ஆண்டுகளுக்கு முன்னர், நவம்பர் மாதத்து அதிகாலை ஒன்றில், ஐந்தரை மணி கடந்த வேளை, வேலைக்காகக் கீழ்நோக்கிச் சென்றுகொண்டிருந்தேன். சந்தி ஒன்றில் வலப்பக்கம் திரும்பிய வாகனம் என்னைத் தட்டிச் சாய்த்தது. சற்று நின்றது, பின்னர் போய்விட்டது. அருகில் எவருமில்லை. பின்னர் விசாரித்தவர்களிடம் என்னாற் கூறமுடிந்தது, அது கருநிறமான ஒரு சிறிய வான் என்பது மட்டுமே. பதிவிலக்கத்தின் முதலெழுத்தும் நினைவில்லை. விழுந்து கிடப்பவன் இலக்கத்தகட்டை வாசிப்பதில்லை. தன் கையைத்தான் பார்க்கின்றான். அதற்கு மேல் அந்த விடயம் நகரவில்லை. இன்றும் தேங்காய் துருவும்போது அம்மணிக்கட்டு அந்தக் காலையை நினைவூட்டும்.

பதிவிலக்கம் ஏன் இத்துணை முக்கியமென்று பின்னரே அறிந்தேன். நோர்வேயின் 1961ஆம் ஆண்டு வாகனப் பொறுப்புச் சட்டத்தின்படி, மோட்டார் வாகனம் ஒன்றினாற் காயமடைந்தவருக்கு, சாரதி மீது தவறிருந்ததா என்பதை நிறுவ வேண்டிய தேவையின்றியே, அவ்வாகனத்தின் காப்புறுதி இழப்பீடு வழங்கவேண்டும். காயம்பட்ட சைக்கிளோட்டி, யார் பிழை என்ற வாதத்தில் வெல்லவேண்டியதில்லை. எந்த வாகனம் என்பதைக் காட்டினாற் போதும். பதிவிலக்கம் தெரிந்துவிட்டால் காப்புறுதி நிறுவனத்தைக் கண்டறிவது கடினமன்று. வாகனம் இன்னதென்று அறியப்படாவிடில் வழி முற்றாக அடைந்துவிடுவதில்லை. தெ.எஃப்.எஃப். எனச் சுருக்கமாக அறியப்படும் போக்குவரத்துக் காப்புறுதிச் சங்கத்திடம், அடையாளந் தெரியாத வாகனத்தால் ஏற்பட்ட உடற்காயத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கும், நம்மைத் தட்டியது உண்மையில் ஒரு வாகனந்தானா, தனியே சறுக்கி விழவில்லையா என்ற கேள்வி எழும். இன்னொன்றையும் நம்மிற் பலர் அறியார். வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்து, பொதுவாகத் தொழிற்காயமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆகவே வேலைத்தலத்தின் காப்புறுதி நம்மைத் தாங்குமென்று நம்பியிருக்க முடியாது. இந்த நிலையில் சில நொடிகள் நீளமான ஒரு காட்சி, பல மாதக் கடிதப் போக்குவரத்தை மிச்சப்படுத்தும்.

மொழியின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. நிகழ்விடத்திற் சாரதியும் நாமும் நின்று பேசும் சூழ்நிலையில், அவர் நோர்வேஜிய மொழியில் ஐந்து வசனம் கூறி முடிக்கும்போது நாம் முதல் வசனத்துக்கு வினைச்சொல்லைத் தேடிக்கொண்டிருப்போம். அதிர்ச்சியில் இரண்டாவது மொழிதான் முதலில் நம்மைக் கைவிடுகின்றது. காட்சிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இனிக் கருவியைத் தெரிவுசெய்வது பற்றிப் பார்ப்போம். கடையில் நின்று பெட்டிகளைப் பார்த்தால், அலையிற் சறுக்குவோரும் மலையிலிருந்து குதிப்போருமே படங்களில் இருப்பர். அதற்குக் காரணமுண்டு. 'கோப்ரோ' நிறுவனம் 2004இல் வெளியிட்ட முதலாவது கருவி, அலைச்சறுக்கு வீரர் மணிக்கட்டிற் கட்டிக்கொள்ளும், படச்சுருளில் இயங்கும் நிழற்படக் கருவியாகும். அந்த மரபில் வந்த கருவிகள் அகன்ற காட்சியை அழகாகக் காட்டுவதற்கென அமைக்கப்பட்டவை. நமக்கு வேண்டியது அழகன்று. டிசெம்பர் மாதக் காலையில், உப்பும் சேறும் தெறிக்கும் வீதியில், இரண்டு எழுத்தும் ஐந்து இலக்கமும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

இதைச் சிறு கணக்கொன்றாற் காட்டுகின்றேன். நோர்வேயின் வழமையான இலக்கத்தகடு ஏறக்குறைய அரை மீற்றர் அகலமானது. 120 பாகை அகலமாகக் காணும் வில்லையொன்று, 1920 புள்ளி அகலமான படத்தில், பத்து மீற்றர் தொலைவில் உள்ள அத்தகட்டுக்கு முப்பது முதல் ஐம்பது புள்ளிகளையே ஒதுக்கும். ஏழு எழுத்துகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு ஐந்தாறு புள்ளிகள். எட்டா மூன்றா என்று அதில் தெரியாது. 4கே எனப்படும் 3840 புள்ளிப் படத்தில் அது இருமடங்காகும்; ஐந்து மீற்றர் தொலைவிலெனில் மீண்டும் இருமடங்காகும். அகலக் காட்சியைக் குறைத்து, 90 பாகை அளவிலான ஒடுங்கிய காட்சியைத் தெரிவுசெய்தாலும் தகடு பெரிதாகத் தெரியும். விலை கூடிய கருவியை வாங்கி, அதை ஆக அகன்ற காட்சியில் விட்டுவைப்பவர், விலை குறைந்த கருவியை ஒடுக்கிவைத்தவரிலும் குறைவான பயனையே பெறுவார். ஆகவே அமைப்புப் பட்டியலில் முதலில் மாற்றவேண்டியது அகலம்.

இரண்டாவது கணக்கு வெளிச்சத்தைப் பற்றியது. ஒஸ்லோவில் டிசெம்பர் பிற்பகுதியிற் சூரியன் ஒன்பது மணிக்குப் பின்னர் உதித்து மூன்றேகால் மணிக்கு முன்னர் மறைகின்றது. வேலைக்குச் செல்லும் பயணம், திரும்பும் பயணம் இரண்டும் இருளில்தான். இருளிற் கருவி தன் கண்ணை அதிக நேரம் திறந்துவைத்து ஒளியைச் சேகரிக்கும். மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் நமக்குக் குறுக்கே செல்லும் வாகனம், ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் 28 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். அது தகட்டின் பாதி அகலம். படத்தில் வெள்ளைப் பூச்சொன்று மட்டுமே எஞ்சும். நொடியின் 250இல் ஒரு பங்கெனில் மூன்று சென்ரிமீற்றர்தான். அதனால் இருளில் எடுத்த மாதிரிக் காட்சியைப் பார்க்காமல் எந்தக் கருவியையும் வாங்காதீர்கள். பகலில் எல்லாக் கருவிகளும் கெட்டிக்காரக் கருவிகளே. இன்னுமொன்று: இலக்கத்தகடு ஒளியைத் திருப்பித் தெறிக்கும் தன்மையுடையது. நம் முன்விளக்கு மிகப் பிரகாசமாக நேரே அதன்மேல் விழுந்தால், தகடு வெறும் வெள்ளைச் சதுரமாகிவிடும். விளக்கைச் சற்றுக் கீழ்நோக்கித் தாழ்த்தினால் இந்தக் குறையும் நீங்கும், எதிரே வருபவரின் கண்ணும் கூசாது.

காசு செலவில்லாத ஓர் உபாயமும் உண்டு. ஆபத்தாக ஒரு வாகனம் கடந்து சென்றால், அதன் இலக்கத்தை உடனே உரத்து வாசியுங்கள். தமிழில் வாசித்தாலும் குற்றமில்லை. படம் மங்கினாலும் குரல் பதிவாகியிருக்கும். நினைவு பத்து நிமிடத்திற் கலைந்துவிடும், குரல் கலையாது.

மூன்றாவது, குளிர். லிதியம் மின்கலம் உறைநிலைக்குக் கீழே தன் கொள்ளளவிற் கணிசமான பங்கை வெளிப்படுத்துவதில்லை. கோடையில் ஒன்றரை மணித்தியாலம் இயங்கும் கருவி, பத்துப் பாகை குளிரில் வழியிலேயே உறங்கிவிடக்கூடும். குரோருட்டிலிருந்து நகர மையத்துக்கு ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர். காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம். ஆகவே திரும்பும் பயணம் நீளமானது, அப்போதுதான் மின்கலமும் களைத்திருக்கும். கருவியைக் கட்டிவிட்டுச் சைக்கிளை முற்றத்தில் விடாதீர்கள். கருவியை, அல்லது மின்கலத்தையாவது, புறப்படும் வரை உட்சட்டைப்பையில் வைத்திருங்கள். உறைந்த மின்கலத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த கையோடு மின்னேற்றத்தில் இடவும் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுக்கவேண்டும். உறைநிலையில் மின்னேற்றினால் அது நிரந்தரமாகப் பழுதடையும். அதேபோல, குளிர்ந்த கருவியைச் சமையலறைக்குள் கொண்டுவந்தால் வில்லையின் உட்புறம் வியர்க்கும். பையினுள் மூடியபடியே ஒருமணி நேரம் வைத்துவிட்டால் அத்தொல்லை இராது.

பின்விளக்கும் கமெராவும் ஒன்றாக அமைந்த கருவிகளும் சந்தையில் உள்ளன. 'சைக்ளிக்' நிறுவனத்தின் ஃப்ளை வரிசையும், பின்னால் வரும் வாகனத்தை ரேடாரினால் அறிவிக்கும் 'கார்மின்' நிறுவனத்தின் வாரியா வரிசையிற் கமெரா உள்ள வகையும் அவ்வாறானவை. பூட்டவேண்டிய பொருள் ஒன்றாகக் குறைவதும், விளக்கேற்றும்போதே பதிவும் தொடங்குவதும் இவற்றின் நன்மை. நாள்தோறும் செய்யவேண்டிய வேலையில் ஒரு பொத்தான் குறைந்தால், அந்தக் கருவி ஒரு மாதத்துக்குப் பின்னரும் பயன்பாட்டில் இருக்கும். அதிகப் பொத்தான் உள்ளது அலுமாரிக்குப் போய்விடும். என் வீட்டிலேயே அப்படியொன்று கிடக்கின்றது.

பதிவு அட்டை பற்றிச் சுருக்கமாக. நொடிக்கு 20 மெகாபிற் வேகத்திற் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்பது கிகாபைற் தேவை. 64 கிகாபைற் அட்டையில் ஏழு மணித்தியாலம் அடங்கும். 4கே எனில் இதனிலும் பன்மடங்கு வேண்டும். அட்டை நிரம்பியதும் பழையதன்மேல் புதியதை எழுதும் சுழற்சிப் பதிவு கட்டாயம் இருக்கவேண்டும். இடைவிடாத எழுத்தைத் தாங்கும் நீடித்த உழைப்புள்ள அட்டையை, நம்பத்தகுந்த கடையில் வாங்குங்கள். சாட்சி ஊமையாவது பெரும்பாலும் அட்டையினாலேயே.

வாங்கும் இடத்தையும் கவனியுங்கள். இணையவழியாக வணிகர் ஒருவரிடம் வாங்கினால் 14 நாள்களுக்குள் மனம்மாறித் திருப்பியளிக்கும் உரிமை உண்டு. குறைபாடு பற்றி முறையிட ஆகக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் உண்டு. நெடுங்காலம் உழைக்கவேண்டிய பொருள்களுக்கு ஐந்து ஆண்டுகள். தனியார் ஒருவரிடம் பழையதாக வாங்கும்போது இப்பாதுகாப்புப் பெரிதும் குறைந்துவிடும். பழையது வாங்குவதானால் மின்கலத்தைத்தான் முதலிற் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது பொருத்துதல். தலைக்கவசத்தின் உச்சியிற் பூட்டிய கமெராவைக் காணொளிகளிற் பார்த்திருப்பீர்கள். நாம் பார்க்கும் திசையெல்லாம் அதுவும் பார்க்கும் என்பது உண்மை. ஆயினும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஐரோப்பாவில் விற்கப்படும் சைக்கிள் தலைக்கவசங்கள் ஈ.என். 1078 என்ற தரத்துக்கு அமையச் சோதிக்கப்படுகின்றன. அச்சோதனை கவசத்துக்குத்தான், நாம் பின்னர் ஒட்டும் கருவிக்கன்று. வழுக்கி உருளவேண்டிய வழவழப்பான மேற்பரப்பில், கடினமான ஒரு கட்டியை வைத்துக்கொண்டு விழுவது உசிதமன்று. ஒட்டுப்பசை சில ஓடுகளின் பொருளையே பாதிக்கவும் கூடும். தலையைக் காக்கும் பொருள் தலையை மட்டும் காக்கட்டும்.

எனவே கைப்பிடிக்கே வருகின்றேன். முதலில் உங்கள் கைப்பிடித் தண்டின் விட்டத்தை அளவுங்கள். நடுவில் 25.4 அல்லது 31.8 மில்லிமீற்றர், ஓரத்தில் 22.2 மில்லிமீற்றர் என்பன வழமையான அளவுகள். அளவு பொருந்தாத பிடியை இறுக்கி இறுக்கிப் பயனில்லை. இடையில் இறப்பர்ப் பட்டி ஒன்றை வைத்தால் வழுக்காது, அதிர்வும் குறையும். நீண்ட கைகொண்ட தாங்கிகளைத் தவிர்த்துவிடுங்கள். கை நீள நீள நடுக்கம் பெருகும். இருளில் அந்த நடுக்கமே எழுத்தை அழிக்கும். தண்டின் நடுப்பகுதியில், அதற்குக் கீழே தொங்குவதுபோல் கருவியைப் பூட்டுவதே என் அனுபவத்தில் மிகச் சிறந்தது. விளக்கு மேலே, கருவி கீழே. விளக்கின் ஒளி வில்லையில் படாது, கருவியின் உடல் விளக்கை மறைக்காது. கார்பன் இழையாலான தண்டெனில், குறிக்கப்பட்ட அளவுக்குமேல் திருகாணியை இறுக்கினால் தண்டு வெடிக்கும். அதை ஒரு திருத்துநரிடம் விட்டுவிடுங்கள்.

ஒட்டும் தாங்கியைத்தான் பயன்படுத்துவேன் என்பவர், அதைக் கோடையிலோ சூடான அறையிலோ, பரப்பை நன்கு துடைத்தபின் ஒட்டி, ஒருநாள் முழுதும் விட்டுவைக்கவேண்டும். குளிர்ந்த இரும்பில் ஒட்டியது முதற் குழியிலேயே கழன்றுவிடும். எவ்வகைத் தாங்கியானாலும், சிறிய பாதுகாப்புக் கயிறு ஒன்றைக் கருவிக்கும் தண்டுக்கும் இடையே கட்டிவையுங்கள். கழன்ற கருவி சில்லுக்குள் புகுந்தால் சாட்சியே குற்றவாளியாகிவிடும்! கயிறு குறுகியதாக, சில்லை எட்டாததாக இருக்கட்டும்.

பின்புறக் கருவிக்கு இருக்கைத் தண்டே உரிய இடம். அங்கே மூன்று பகைவர்கள் உளர்: நீண்ட மழைச்சட்டையின் வால், குழந்தை இருக்கை, கடைப்பை. பொருத்தியபின், வழமையான உடையுடனும் பையுடனும் ஏறியிருந்து, பின்னால் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பின்புறச் சிவப்பு விளக்கும் ஒளித்தெறிப்பானும் மறைக்கப்படக் கூடாது. அவை சட்டப்படி வேண்டியவை, கமெரா அவ்வாறன்று. சேற்றுக்காப்பு இல்லாத சைக்கிளிற் பின்புறக் கருவி ஐந்து நிமிடத்திற் குருடாகிவிடும். வீதியில் இடப்படும் உப்பு கலந்த சேறு காய்ந்தால் வில்லையில் வெண்படலம் படியும். அதை உலர்ந்த துணியாற் தேய்க்காதீர்கள், கீறல் விழும். முதலில் இளஞ்சூட்டு நீர், பின்னர் மென்துணி.

ஒன்றுதான் வாங்க இயலுமெனில் முன்னா, பின்னா? என் தீர்ப்பு முன்புறம். பின்னாலிருந்து நெருங்கும் வாகனம் இருளில் இரு பெருவிளக்குகளாகவே பதிவாகும். அந்தக் கூச்சத்தில் தகடு தெரியாது. நம்மைக் கடந்து செல்லும் வாகனத்தின் பின்தகட்டை அதன் சிறு விளக்கே நமக்குக் காட்டித் தருகின்றது. சந்திகளில் குறுக்கே திரும்பும் வாகனங்களையும் முன்கருவியே காணும். துரொன்ஹெய்ம்ஸ்வையன் வழியாகக் கால்பக்கன், சின்சன் என்று இறங்குவோருக்கும், அல்னாப்ரூவின் பண்டகசாலைப் பக்கம் பாரவூர்திகளுக்கிடையே செல்வோருக்கும் பெரிய அச்சம் சந்திகள்தான். ஆனாலும் நாம் விழுந்துவிட்டால் முன்கருவி வானத்தைப் படமெடுக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கின்றேன். இயன்றவர் பின்னர் இரண்டாவதைச் சேர்க்கலாம்.

பூட்டிய அன்றிரவே ஒரு சோதனை செய்யுங்கள். சொந்தக் காரையோ நண்பரின் காரையோ ஐந்து மீற்றரிலும் பத்து மீற்றரிலும் நிறுத்தி, சைக்கிளை உருட்டிக்கொண்டு சென்று பதியுங்கள். கணினித் திரையில் இலக்கம் வாசிக்கக்கூடியதா? இல்லையெனில் அகலத்தையும் சாய்வையும் மாற்றி மீண்டும் செய்யுங்கள். அடிவானம் படத்தின் மேல் மூன்றிலொரு பங்கில் இருக்குமாறு சரித்தால் வானத்தை வீணே படமெடுக்கமாட்டீர்கள். கருவியின் மணிக்கூட்டைச் சரிசெய்யுங்கள். மார்ச், ஒக்ரோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று நேரம் மாறும்போது அதையும் மாற்றுங்கள். ஒரு மணித்தியாலம் பிழையான காட்சி, பொய்ச்சாட்சி போலத் தோன்றும்.

இனிச் சட்டம். இப்பகுதியிற் சற்றுத் தங்கிப் பேசவேண்டியுள்ளது. நம்மவரிற் பலருக்கு இலண்டனில் உறவினர் உளர்; அங்கிருந்து வரும் காணொளிகளும் உள. கைப்பேசியைப் பார்த்தபடி காரோட்டுபவரைச் சைக்கிளோட்டி படமெடுத்து, காவல்துறைக்கு அனுப்பி, அதை உலகுக்கும் காட்டும் வழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. வேல்ஸ் பகுதியின் காவல்துறை 'ஒப்பரேஷன் ஸ்னாப்' என்ற பெயரிற் பொதுமக்களின் காட்சிகளை இணையவழியே ஏற்கும் முறையையே ஏற்படுத்தியது. பார்க்கச் சுவையாகத்தான் இருக்கும். அதை அப்படியே இங்கு கொண்டுவர வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

நோர்வேயில் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 யூலையிலிருந்து நடைமுறையில் உள்ளன. முற்றிலும் தனிப்பட்ட தேவைக்காகத் தனிமனிதர் செய்யும் பதிவு அவ்விதிகளுக்கு வெளியே நிற்கும். ஆனால் அந்த விலக்கு ஒடுங்கியது. 2003இல் சுவீடனைச் சேர்ந்த தேவாலயத் தொண்டர் ஒருவரின் வழக்கில், தம் சகதொண்டர்களைப் பற்றி இணையத்தில் எழுதியது தனிப்பட்ட செயலாகாதென ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது. அவர் எழுதியதில், ஒருவர் காலில் அடிபட்டு விடுப்பில் இருக்கின்றார் என்ற செய்தியும் அடங்கும். 2014இல் செக் நாட்டவர் ஒருவரின் வழக்கில், வீட்டிற் பூட்டிய கமெரா பொதுவீதியைத் தொடர்ந்து படமெடுத்தால் அதுவும் விலக்குக்குள் அடங்காது என்றது. நம் சைக்கிள் வீட்டுச்சுவரன்று. ஆயினும் எங்கே எல்லை தொடங்குகின்றது என்பதை இவை காட்டுகின்றன. நோர்வேயின் படைப்புரிமைச் சட்டம் 104ஆம் பிரிவின்படி, ஒருவரின் படத்தை அவரது சம்மதமின்றிப் பொதுவில் காட்டுதல், சில விலக்குகள் நீங்கலாக, அனுமதிக்கப்படுவதில்லை. கோபத்தில் முகநூலில் ஏற்றிய காணொளி, இழப்பீடு கோரவேண்டிய நம்மையே பதில்சொல்ல வைத்துவிடும்.

ஒலிப்பதிவுக்கும் எல்லை உண்டு. நாம் பங்குகொள்ளாத பிறருடைய உரையாடலை இரகசியமாகப் பதிவது தண்டனைச் சட்டம் 205ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். ஓடும்போது நம் குரல் பதிவதில் தடையில்லை. ஆனால் சைக்கிளைக் கடைவாசலிற் சாத்திவிட்டுக் கருவியை இயங்கவிட்டுச் செல்லாதீர்கள். பாடசாலை வாசல், சிறுவர் பூங்கா ஆகிய இடங்களில் நிறுத்தும்போதும் அணைத்துவிடுங்கள். உணவு விநியோகம் போன்ற தொழிலுக்காகச் சைக்கிளோட்டுபவருக்கு இது தனிப்பட்ட தேவையென்ற விலக்கு இலகுவிற் கிடையாது. முதலில் வேலைகொள்வோரிடம் எழுத்தில் கேட்டறியுங்கள். ஐயமிருப்பின், டாட்டாதில்சீனெ எனப்படும் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் வழிகாட்டலைப் படியுங்கள்.

படத்தை எடுத்துவிட்டால் மன்றம் ஏற்றேயாக வேண்டுமென்பதும் இல்லை. 1991இல் நோர்வேயின் உயர்நீதிமன்றம், சிற்றுண்டிச்சாலை ஒன்றில் ஊழியரை மறைவாகப் படமெடுத்த காட்சியைச் சான்றாக ஏற்க மறுத்தது. வெளிப்படையாகத் தெரியும் கருவியோடு பொதுவீதியில் செல்வது அதனின்று பெரிதும் வேறுபட்டது. அதனாலேயே, கருவியை மறைத்துப் பூட்டாதீர்கள் என்பேன்.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது? உயிராபத்தெனில் 113, காவல்துறை உடனே வேண்டுமெனில் 112. விபத்திற் சம்பந்தப்பட்டவர் நின்று உதவுவதும் பெயர் முகவரி தெரிவிப்பதும் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் கடமை. அது நமக்கும் பொருந்தும். மூச்சு வந்ததும், கருவியை அணைத்து அட்டையைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிடில், சுழற்சிப் பதிவு வீடு திரும்பும் வழியை எழுதி விபத்தை அழித்துவிடும். மூலக்கோப்பை வெட்டவோ திருத்தவோ வேண்டாம். பிரதியெடுத்துப் பிரதியையே கையாளுங்கள். காயம் சிறிதெனத் தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிப் பதிவுசெய்யுங்கள்; அவசர மருத்துவ நிலையத்தின் இலக்கம் 116117. காவல்துறையின் சாதாரண இலக்கம் 02800. இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்குக் காலவரையறை உண்டு என்பதால், 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டுவிடாதீர்கள்.

முறைப்பாட்டுக்குப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது வேண்டியதில்லை. 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டத்தின்படி, ஒருவரின் சட்டப் பாதுகாப்புக்குத் தேவையெனில், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அந்தப் பொது அலுவலகத்தின் கடமை. சிறுவரை அதற்குப் பயன்படுத்துவதையும் அச்சட்டம் தடுக்கின்றது. "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று முதல் அழைப்பிலேயே கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை நிலவிய தொண்ணூறுகளில் முழுக் குடும்பமும் ஒரே சைக்கிளிற் சென்றதைக் கண்டவர்கள் இந்த மண்டபத்தில் உள்ளீர்கள். அன்று விளக்கில்லாமல் ஓடினால் தண்டம் என்ற ஓர் அச்சமே பெரிதாக இருந்தது. டைனமோ சுழலும் ஒலியே போதிய காவல் என்றிருந்தோம். இன்று இருளோடு பனியும் பாரவூர்தியும் சேர்ந்துவிட்டன. விளக்கு, ஆணி பதித்த குளிர்காலச் சில்லு, தலைக்கவசம் ஆகியவற்றுக்குச் செலவிட்டபின் மிஞ்சுவதில்தான் கமெராவை வாங்கவேண்டும். வரிசையை மாற்றாதீர்கள்.

மேசையில் மூன்று வகைத் தாங்கிகளும் ஒரு பழைய கைப்பிடித் தண்டும் உள்ளன. நான் பயன்படுத்தும் கருவியிற் சென்ற வாரம் இரவில் எடுத்த சோதனைக் காட்சியையும் திரையிற் காட்டுகின்றேன். தகடு என்னுடைய சொந்தக் காரினது. சைக்கிளோடு வந்தவர்கள் தண்டின் விட்டத்தை அளந்துகொண்டு செல்லலாம், அளவுகோல் என்னிடம் உண்டு. கேள்விகளைத் தேநீருக்குப் பின் எடுத்துக்கொள்வோம்.